ரிக் ஆபீஸ் ஸ்பீக்கர் போனும் என் தொண்டையும்

போர் போடும் தொழிலில் பாறைக்குள் எண்ணூறு அடி இறங்குவது ஒரு நாள் வேலை. மேசை மேல் இருக்கும் ஸ்பீக்கர் போனுக்குள் ஒரு முழு வாக்கியத்தை இறக்க எனக்கு மூன்று மாதம் ஆனது.

மைக்கைக் கையில் கொடுத்தவுடன் "எல்லோருக்கும் வணக்கம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வார்த்தை கிடைக்காமல் எச்சில் விழுங்கியவர்கள், வீடியோ காலில் "நீங்க பேசறது கேக்கல" என்று யாராவது சொன்னால் உள்ளுக்குள் சந்தோஷப்படுகிறவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், நாம் எல்லோரும் ஒரே கட்சி. தாராளமாக உட்காருங்கள்.

நான் ராசிபுரத்துக்காரி. வீட்டில் ஆறு விசைத்தறி. தறி ஓடும் வீட்டில் இருப்பவர்களுக்கு இரண்டே வழிதான். ஒன்று தொண்டை கிழியக் கத்த வேண்டும், இல்லையென்றால் கையால் பேச வேண்டும். அம்மாவும் அக்காவும் முதல் வழி. நான் இரண்டாவது. "சாப்பாடு ஆச்சா", "நூல் அறுந்துபோச்சு", "மாமா வந்திருக்கார், காபி வை" எல்லாவற்றுக்கும் என்னிடம் கை உண்டு. பி.காம். முடித்துவிட்டு சேலத்தில் இரண்டு கம்பெனிக்கு வேலைக்குப் போனேன். இரண்டிலும் போன் எடுக்கச் சொன்ன மறு வாரமே நின்றுவிட்டேன். மூன்றாவதாகக் கிடைத்தது திருச்செங்கோட்டில் போர் போடும் வண்டிகளை அனுப்பும் இந்த ரிக் ஆபீஸ். மொத்தம் ஏழு வண்டி. இரண்டு நம் பக்கத்திலேயே ஓடும். மீதி ஐந்தும் சத்தீஸ்கர், ஒடிசா என்று எங்காவது பாறையைக் குடைந்துகொண்டிருக்கும்.

ஆபீசில் சிம் போட்ட ஒரு மேசை போன். அதை யாரும் காதில் வைத்துப் பேசுவதில்லை. எந்த அழைப்பு வந்தாலும் ஸ்பீக்கரில்தான் போட வேண்டும். எத்தனை அடி போனது, மண் சரியாமல் இருக்க எத்தனை அடிக்குக் கேசிங் பைப் இறக்கினார்கள் என்பதெல்லாம் பிறகு சண்டையாகும் விஷயங்கள். அதனால் அறையில் இருக்கும் எல்லோர் காதிலும் விழ வேண்டும், எல்லோரும் சாட்சி. இது எங்கள் முதலாளியின் சட்டம். நேர்முகத் தேர்வில் நான் பேசிய நாலு வார்த்தையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "மூணு மாசம் பாப்போம் சாமி. போன்ல மனுசங்களாட்டப் பேச வந்துட்டா இந்தச் சீட்டு உன்னுது. வரலைன்னா நின்னுக்கோ, நான் தப்பா நெனைக்க மாட்டேன்." வீட்டில் அம்மா, நான் எப்படியும் திரும்பி வந்துவிடுவேன் என்று நூல் சுற்றும் மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருந்தாள். அந்த மெஷினுக்குத் திரும்பக் கூடாது என்பதுதான் என் ஒரே லட்சியம்.

கையால் பேசிய முதல் நாள்

முதல் அழைப்பு நாமகிரிப்பேட்டைப் பக்கத்திலிருந்து. தோட்டத்துக்காரர் ஒருவர். "வண்டி இந்த வாரம் வருமுங்களா?" என்று கேட்டார். நான் பலமாகத் தலையாட்டினேன். "வெள்ளிக்கிழமைன்னா தோதுங்களா?" என்றார். கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். "மண்ணு கொஞ்சம் சரிவு. கேசிங் எத்தன அடி தேவைப்படுமுங்க?" என்றார். வண்டி வந்து பார்த்துத்தான் சொல்ல முடியும் என்பதை இரண்டு கைகளாலும் மிக விளக்கமாகச் சொன்னேன்.

எதிரே கணக்கு எழுதும் பரிமளாக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போனில் இரண்டு முறை "அலோ" வந்தது. பிறகு அந்த மனிதர் மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க, அங்க ஆளு இருக்குதுங்களா, இல்ல வெறும் ஃபேனு மட்டும் ஓடுதுங்களா?"

தூரத்துக்குத் தக்க சத்தம்

பரிமளாக்காவிடம் பாடம் கேட்டேன். பன்னிரண்டு வருடமாக அந்த ஆபீசில் இருப்பவர். அவர் போன் பேசுவதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார். சங்ககிரி என்றால் சாதாரணக் குரல். ஆத்தூர் என்றால் கொஞ்சம் உயர்த்த வேண்டும். ஆந்திரா என்றால் நாற்காலி நுனிக்கு வந்துவிட வேண்டும். சத்தீஸ்கர் என்றால் எழுந்து நின்று, மேசையில் ஒரு கையை ஊன்றிக்கொள்ள வேண்டும். சிரிக்காதீர்கள், வெளிநாட்டில் இருக்கும் மச்சானிடம் உங்கள் வீட்டில் எப்படிப் பேசுகிறார்கள் என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள்.

மறுநாளே சத்தீஸ்கரிலிருந்து டிரில்லர் பெரியசாமி அண்ணன் கூப்பிட்டார். நான் எழுந்து நின்றேன். கையை ஊன்றினேன். அதுவரை வாழ்க்கையில் எடுக்காத சத்தத்தையெல்லாம் சேர்த்து எடுத்து, "எத்தனை அடி போயிருக்குங்க அண்ணா?" என்று கத்தினேன். எதிர்க் கடை டீ மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். அவரே திரும்பிப் பார்த்துவிட்டார் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

பெரியசாமி அண்ணன் நிதானமாகப் பதில் சொன்னார்: "அம்மணி, கம்ப்ரசர் சத்தம் வேண்டாம்னு நான் வண்டிய உட்டு அரைக் கிலோமீட்டரு தள்ளி வந்து பேசறேன். நீங்க அந்தக் கம்ப்ரசர ஆபீசுக்கே கொண்டாந்துட்டீங்களா?"

தும்மல் பரீட்சை

கை உதவவில்லை, கத்தலும் உதவவில்லை. படித்த பெண் என்ன செய்வாள்? எழுதி வைத்துக்கொள்வாள். ஓர் அட்டையில் அழகாக எழுதி, போனுக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன். "வணக்கம். தங்களின் அழைப்பிற்கு நன்றி. தாங்கள் எந்த ஊரில் ஆழ்துளைக் கிணறு அமைக்க விரும்புகிறீர்கள் என்பதைத் தெரிவிக்கவும்." கண்ணாடி முன் பத்து முறை படித்துப் பார்த்தேன். தடுமாற்றமே இல்லை.

மல்லசமுத்திரத்துப் பெரியவர் ஒருவர் மாட்டினார். அட்டையில் இருந்ததைக் கடகடவென்று படித்தேன். எதிர்முனையில் "பீப்" என்று ஒரு சத்தம். மறுபடியும் படித்தேன். மறுபடியும் இரண்டு "பீப்". பக்கத்தில் இருந்த மனைவியிடம் அவர் சொன்னது ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது: "இது கம்ப்யூட்டரு பொம்பள. ஒண்ண அமுக்கிட்டேன், ரெண்ட அமுக்கிட்டேன், திரும்பத் திரும்ப அதையேதான் சொல்லுது."

"ஐயா, நான் கம்ப்யூட்டர் இல்லைங்க, ஆளுதாங்க பேசறேன்" என்றேன். பதற்றத்தில் அதுவும் அட்டையில் இருந்து படித்தது மாதிரியே வந்தது. பெரியவர் விடவில்லை. "கேஸ் புக் பண்ணறப்பவும் இப்படித்தான் ஒருத்தி தேனாட்டம் பேசுனா. எதுக்கும் ஒருக்காத் தும்மிக் காட்டு சாமி, நம்பறேன்."

சாட்சிகள் நிறைந்த அறை

முதல் மாதம் முடிந்த அன்று முதலாளி காலண்டரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அட்டையைக் கிழித்துப் போட்டேன். மறு வாரமே என் இரண்டாவது மாதத்தைக் காவு வாங்கப் பார்த்த அழைப்பு வந்தது.

எலச்சிப்பாளையம் பக்கத்திலிருந்து நடேசன் என்று ஒருவர். குரலைத் தாழ்த்தி, ரகசியமாகப் பேசினார். "வண்டி சீக்கிரமா வரோணுமுங்க. எங்க பங்காளி ஒருத்தன் இருக்கறான். என்ற வேலியோரமா தண்ணிக்குப் பாயிண்ட் பாத்து வெச்சிருக்கறான். அவன் போடறதுக்குள்ள நான் போட்டுரோணும். அவனுக்குத் தெரியாம ஞாயித்துக்கிழமை வண்டிய அனுப்ப முடியுமுங்களா?"

எங்கள் ஆபீசில் சுவரோரமாக வாடிக்கையாளர்களுக்கு ஒரு பெஞ்சு உண்டு. அதில் வண்டி புக் செய்ய வந்த ஒருவர் அரை மணி நேரமாக டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய ஊரும் எலச்சிப்பாளையம் என்று அப்போதுதான் நோட்டில் எழுதியிருந்தேன். டீக்கிளாஸ் பாதி வழியில் அப்படியே நின்றது. பரிமளாக்கா என்னைப் பார்த்தார். ஸ்பீக்கர் பட்டனை அணைக்கலாம் என்று கையை நீட்டினேன். பதற்றத்தில் சத்தத்தைக் கூட்டிவிட்டேன். "அவன் சுத்த ஏமாளிங்க, ஞாயித்துக்கிழமை மாமியாரூட்டுக்குப் போயிருவான்" என்றது போன், அறை முழுக்க.

பெஞ்சுக்காரர் எழுந்து வந்து போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். "இந்த ஞாயிறு போகலடா நடேசா" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இரண்டு பார்ட்டியும் போச்சு, என் சீட்டும் போச்சு என்றே நினைத்தேன். (பார்ட்டி என்றால் எங்கள் தொழிலில் போர் போடச் சொல்லும் வாடிக்கையாளர்.) கடைசியில் நடேசன்தான் வாயைத் திறந்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசினாரா, கோபத்தையா என்று இன்றுவரை தெரியாது: "அம்மணி, வண்டி மொதல்ல என்ற காட்டுக்கு வருமுங்களா, அவன்ற காட்டுக்கு வருமுங்களா? அத மட்டும் ஸ்பீக்கர்லயே சொல்லீருங்க, ரெண்டு பேரும் கேட்டுக்கறோம்."

ஸ்பீக்கரில் இருக்கிறீர்கள்

அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் முதல் வேலையாக, "ஸ்பீக்கர்ல இருக்கறீங்க, பக்கத்துல ஆளுங்க இருக்காங்க" என்று சொல்லிவிடத் தொடங்கினேன். அப்போதுதான் ஓர் ஆறுதலான உண்மை தெரிந்தது. இதைக் கேட்டவுடன் அந்தப் பக்கமும் எல்லோரும் நம்மைப் போலவே ஆகிவிடுகிறார்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் தொண்டையைச் செருமுகிறார்கள். ஒருவர் சட்டைப் பட்டனைப் போடுவதாகவே எனக்குத் தோன்றியது.

பரமத்தியில் முட்டை லாரி ஓட்டும் ஒருவர், வீட்டுக்குப் பின்னால் ஒரு போர் போட வேண்டும் என்று சரளமாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், ஸ்பீக்கர் என்றதும் நின்றார். பிறகு கனத்த குரலில், "அங்கு கூடியிருக்கும் அனைவருக்கும் என் பணிவான வணக்கங்கள். குடிநீர்ப் பிரச்சினையானது எங்கள் பகுதியில்..." என்று ஆரம்பித்தார். பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "ஏனுங்க, ஓட்டா கேக்கறீங்க? ஊட்டுக்குப் பின்னால ஒரு போரு, பாத்ரூமுக்குப் பக்கத்துலன்னு சொல்லிட்டு வைங்க!"

முதலாளியின் மைக்

ஆயுத பூஜை எங்கள் தொழிலுக்குப் பெரிய நாள். லீவுக்கு வந்திருந்த ஆட்கள் எல்லோரும் குடும்பத்தோடு ஷெட்டுக்கு வந்திருந்தார்கள். உள்ளூர் வண்டி இரண்டையும் கழுவி, வாழைக்கன்று கட்டி, சந்தனம் பூசி நிறுத்தியிருந்தோம். வண்டி ஆட்களுக்குத் துணிமணி கொடுப்பதற்காக மைக் செட். பெயர்ப் பட்டியலை என் கையில் கொடுத்து, "முதலாளி ரெண்டு வார்த்த பேசுவாரு, அப்புறம் நீ பேரக் கூப்பிடு" என்றார் பரிமளாக்கா. பட்டியலை நாலாக மடித்தேன், மறுபடி பிரித்தேன்.

முதலாளி மைக்கைப் பிடித்தார். ஊதினார். தட்டினார். "அலோ" என்றார். "அனைவருக்கும்..." என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் வரவில்லை. மறுபடி ஊதினார். "அனைவருக்கும்..." வேட்டி நுனியால் நெற்றியைத் துடைத்தார். இரண்டு மாதமாக என்னைத் தராசில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர், மைக்கின் முன்னால் அச்சு அசலாக என்னைப் போலவே நின்றுகொண்டிருந்தார். அவர் மேல் எனக்கு முதல்முறையாகப் பாசம் வந்தது.

கூட்டத்தில் பின்னாலிருந்து ஒரு குரல். ஆளைப் பார்க்காமலே தெரிந்துகொண்டேன், சத்தீஸ்கர் பெரியசாமி அண்ணன். போனில் மட்டுமே கேட்ட குரலுக்கு ஒல்லியான ஓர் உடம்பும் காதோரம் நரையும் இருந்தன. "முதலாளி, தண்ணியக் காணோம், வெறும் பொகதான் வருது. டிரில் ராட வெளிய எடுத்துருங்க, அந்த அம்மணி போடட்டும்!"

பொரி

பெயர்களைக் கூப்பிட்டுவிட்டேன் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். ஒவ்வொரு பெயராகச் சொல்லும்போதும் அந்த ஆள் கூட்டத்திலிருந்து எழுந்து வருவார். அவர் முகத்தைப் பார்ப்பேன். அடுத்த பெயர். கூட்டம் என்று ஒன்று இருந்ததாகவே ஞாபகம் இல்லை.

மறுநாள் காலை ஆபீசில் நான் மட்டும். வாய் நிறையப் பூஜைப் பொரி. போன் அடித்தது. துப்பவும் முடியாது, விழுங்கவும் நேரமில்லை. ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "சொல்லுங்க, எந்த ஊருங்க?" என்றேன். பள்ளிபாளையத்து அம்மா ஒருவர். ஊர், சந்து, வண்டி நுழைய வழி இருக்கிறதா, மேலே கரண்டுக் கம்பி போகிறதா என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டேன். என் கவனமெல்லாம் பொரி வெளியே வந்துவிடக் கூடாது என்பதில்தான் இருந்தது, பயப்பட நேரமே இல்லை. வைப்பதற்கு முன் அந்த அம்மா கேட்டார்: "ஒரு மாசத்துக்கு முன்னாலயும் கூப்புட்டேன், யாரோ படிச்சுக் காட்டற மாதிரி பேசுனாங்க. நீதான் நம்மூட்டுப் புள்ளயாட்டம் பேசற. வாயில என்ன கண்ணு, பொரியா?"

எழுநூறு அடி

மூன்றாவது மாதம் முடிய ஒரு நாள் இருந்தது. முதலாளி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கை கழுவப் பின்கட்டுக்குப் போயிருந்தபோது, உள்ளூர் வண்டி மேனேஜர் செல்வம் கூப்பிட்டார். வண்டி அயோத்தியாப்பட்டணத்தைத் தாண்டி ஒரு தோட்டத்தில் நின்றது. "எழுநூறு அடிங்க. பொட்டுத் தண்ணி இல்ல. மாவாட்டம் பொகதான் வருது. இந்தத் தோட்டத்துக்கார அக்கா இன்னும் எரநூறு போகச் சொல்றாங்க. முதலாளிகிட்டப் பேசோணுமாம். நானும் ஸ்பீக்கர்ல போட்டிருக்கறேன்."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் பார்ட்டியிடம் "நிறுத்துங்கள்" என்று யாரும் சொல்வதில்லை. நிறுத்தச் சொல்லி, பிறகு பக்கத்துக் காட்டில் அதற்குப் பத்தடி கீழே தண்ணீர் வந்துவிட்டால் காலத்துக்கும் பழி. "போங்கள்" என்றும் சொல்வதில்லை, வராவிட்டால் அதுவும் பழி. "நீங்க சொன்னாப் போறோமுங்க" என்பது மட்டும்தான் சொல்ல வேண்டிய வாக்கியம். அடிக்கு இவ்வளவு என்று கூலி. போகப் போக முதலாளிக்கு நல்லதுதான். பரிமளாக்கா அந்த வாக்கியத்தை உதட்டசைவிலேயே எனக்குச் சொல்லிக் காட்டினார்.

"ஏம்மா, இன்னும் எரநூறு அடி போனா வந்துருமாம்மா?" என்றது போன். நாற்பது வயது இருக்கலாம். தெம்பை வரவழைத்துக்கொண்டு பேசும் குரல். "கெணறு வத்திடுச்சு. பாக்கு மரமெல்லாம் காயுது. இதயும் உட்டுட்டா என்னா பண்றதுன்னு தெரியலம்மா."

எனக்கு அந்தக் குரலுக்கு ஒரு முகம் தெரிந்தது. நோட்டைப் புரட்டினேன். அந்த ஊரில் எங்கள் வண்டி போட்ட போர்களின் ஆழம் எல்லாம் அதில் இருக்கும். "அக்கா, பக்கத்துக் காட்டுல எல்லாம் எத்தன அடில வந்துச்சு?"

"முன்னூறு, முன்னூத்தம்பது."

"நம்ம நோட்டுலயும் அப்படித்தாங்க்கா இருக்கு. அஞ்ஞூறுக்குக் கீழ அங்க ஒருத்தருக்கும் வந்ததில்ல. கெட்டிப் பாறை."

"நீ என் எடத்துல இருந்தா என்னம்மா பண்ணுவ?"

அறையில் ஃபேன் மட்டும் ஓடியது. "நானா இருந்தா நிறுத்திருவேங்க்கா" என்றேன். "வேற எடத்துல பாயிண்ட் பாத்து, மழை முடிஞ்சு யோசிப்பேன்."

அந்தப் பக்கம் கம்ப்ரசர் இரைச்சலுக்கு நடுவே அந்த அக்கா, "தம்பி, நிறுத்திடுப்பா" என்று செல்வத்திடம் சொன்னது கேட்டது. போனை வைப்பதற்கு முன் என்னிடம் சொன்னார்: "காலையிலேருந்து எல்லாரும் உங்க இஷ்டம் உங்க இஷ்டம்னாங்க. நீ ஒருத்திதாம்மா பதில் சொன்ன."

திரும்பினேன். முதலாளி வாசற்படியில் ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று பரிமளாக்காவின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். முதலாளி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "இன்னும் எரநூறு அடி போயிருக்கும்" என்றார்.

"ஆமாங்க."

"தண்ணி வந்திருக்குமா?"

"வந்திருக்காதுங்க."

போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நூல் சுற்றும் மெஷின் என் கண் முன்னால் வந்து நின்றது. "எனக்கும் தெரியும்" என்றார் கடைசியில். "இத்தன வருசமா ஒரு பார்ட்டிகிட்டயும் இதச் சொல்றதுக்கு எனக்கு வாய் வரல." துண்டால் கையைத் துடைத்தார். "நாளையிலருந்து நீ ஸ்பீக்கர்ல பேச வேண்டாம்."

நான் பையை எடுக்கக் குனிந்தேன். "பைய எதுக்கு எடுக்கற?" என்றார். "சீட்டு உன்னுதுதான். ரிசீவர எடுத்துக் காதுல வெச்சுப் பேசு சாமி. நீ இப்படிச் சொல்றது பெஞ்சுல உக்காந்திருக்கற பார்ட்டிக காதுலயும் உழுந்துச்சுன்னா, ஏழு வண்டியும் ஷெட்டுலதான் நிக்கும்."

மூன்று மாதம் பாடுபட்டு ஸ்பீக்கரில் பேசக் கற்றுக்கொண்டதற்கு எனக்குக் கிடைத்த பரிசு, இனி ஸ்பீக்கர் பட்டனை அமுக்க வேண்டாம் என்பதுதான்.